முதல் சிரட்டை

கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் எங்கள் கடாவுத் தீவில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேரை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் பன்னிரண்டு பேர் ஒரு மாதம் அதன் சாற்றைக் குடித்து, சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தவள் நான். முதல் சிரட்டை ஊர்த்தலைவருக்கு என்பது முறை. புதுத் தலைவர் இன்னும் வராததால், போன வருஷம் காமாலையில் இறந்த தலைவர் இசிகேலியின் பாயில் அதைத் தினமும் வைத்தேன்.

நேற்று டாக்டர் மெரேயோனி சிரித்துக்கொண்டே வந்தார். "பதிமூணு பேருக்கும் கல்லீரல் நல்லாருக்கு!"

"பன்னெண்டு பேருதானே குடிச்சோம்?" என்றார் விலிமோனி மாமா.

பட்டியலில் முதல் பெயர் இசிகேலி.

அவர் மனைவி சலோட்டே விழுந்து விழுந்து சிரித்தார். "செத்த பெறகாவது உடம்பத் தேத்திக்கிட்டாரே மனுஷன்!" ஊரே கைதட்டியது.

மாலையில் இசிகேலியின் பாயை உதறினேன். ஊசி குத்திய இடத்தில் வைக்கும் பஞ்சு ஒன்று ரத்தப் புள்ளியோடு விழுந்தது. சிரட்டையை விளிம்புவரை நிரப்பி வைத்தேன்.