பதினேழாம் நம்பர் வீடு

“இந்த வீட்ல மொத்தம் எத்தனை பொம்பளைங்க இருக்கீங்க?”

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சீதாலெட்சுமி இப்படிக் கேட்டதும், கேசரித் தட்டோடு வந்த நாகலெட்சுமி அதை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நானும் எங்க மக கிருஷாந்தியும்தாங்க.”

“அப்புறம் தக்ஷிகா யாரு? லோஜினி யாரு? ஜீவராணி யாரு?”

டிவிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த கடிதக் கட்டு இப்போது சீதாலெட்சுமியின் கையில் இருந்தது. அடுத்த வீட்டுக் கடிதத்தைப் புரட்டிப் பார்க்காவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. தலவாக்கலை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் இந்த அம்மா அந்த ரகம்.

“ஒம்பது கடுதாசி. ஒம்பதும் வேற வேற பேரு. ஆனா எல்லாத்துலயும் இதே பதினேழாம் நம்பர், ஸ்டேசன் ரோடு, வட்டகொடை. என்னங்க இது?”

வீட்டுக்காரர் சோலைமலை எழுந்து வந்து, அந்தக் கடிதக் கட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டார். முப்பத்து நாலு வருடமாகத் தபால்காரர். மழைக்கும் பயந்ததில்லை, அட்டைக்கடிக்கும் பயந்ததில்லை. இப்போது என்னவோ குரல் இறங்கிப் போயிருந்தது.

“அது மத்தவங்க கடுதாசிங்க. அதைப் பத்தி நான் பேசக்கூடாது.”

“மத்தவங்க கடுதாசி உங்க வீட்டுக்கு ஏன் வருது?”

“மன்னிச்சுக்கங்கம்மா. ஒருத்தர் கடுதாசியைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் வாய் தொறந்ததே இல்ல.”

போச்சுடா! நாலு வருடமாக வரன் பார்த்து, முதல் தடவையாக எல்லாப் பொருத்தமும் கூடி வந்த இடம். மாப்பிள்ளை தனுஜனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, கிருஷாந்திக்கும்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் பார்க்கிறது, இந்த மனுசன் என்னவென்றால் சட்டம் பேசுகிறார்!

“ஏங்க, சொல்லித்தான் தொலைங்களேன்! நானாவது சொல்றேன். அம்மா, அது வந்து...”

“நாகு, சும்மா இரு. பிள்ளைங்க வீட்டுக்கே தெரியாம எழுதிப் போட்டதுக்கு வந்த பதிலெல்லாம் இதுல இருக்கு. நம்மள நம்பித்தானே இந்த அட்ரஸைக் குடுத்துச்சுங்க?”

“ஓகோ!” சீதாலெட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள். “தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொண்ணுங்களை ஆசை காட்டி வெளிநாட்டுக்கு அனுப்புறாங்களே, அந்த ஏஜென்ட் வேலையா? வேணாங்க. நாங்க பஜார்ல மானமா இருக்கிற குடும்பம். லயத்துச் சகவாசமே எங்களுக்கு ஆகாது.”

நாகலெட்சுமி அழவே ஆரம்பித்துவிட்டாள். கதவோரம் நின்ற கிருஷாந்தி மட்டும் அழவில்லை.

“அப்பா, நீங்க எதுவும் சொல்ல வேணாம். இந்தச் சம்பந்தம் போனாலும் பரவால்ல. எனக்காக நீங்க மாற வேணாம்.”

சோலைமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் வாழ்க்கையை நினைத்தால் கவலைதான். ஆனாலும், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற பெருமை பெருமைதானே!

“தனுஜா, கிளம்பு!”

அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் வரை சேற்றோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மாமா, நேத்து நீங்க மேல வரலையே! வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. மனசு கேக்கல, நானே எறங்கி வந்துட்டேன். எனக்கு ஏதும் வந்திருக்கா?”

சோலைமலை கட்டிலிருந்து ஒரு கடிதத்தை உருவி நீட்டினார். “இந்தா லோஜினி.”

அங்கேயே கிழித்துப் படித்தவள் நாகலெட்சுமியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அத்தை! நர்சிங் இன்டர்வியூ! வர்ற வியாழக்கிழமை, கண்டியில!”

சீதாலெட்சுமி செருப்பில் ஒரு காலை வைத்தபடியே நின்றாள். “ஏம்மா, உனக்கு வர்ற கடுதாசிக்கு நீ ஏன் இந்த வீட்டு அட்ரஸ் குடுத்தே?”

“வேற எதைங்க குடுக்கிறது? எங்க லயத்துல வரிசையா இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஏது நம்பர்? தோட்டத்துப் பேருக்கு வர்றதெல்லாம் தோட்டத்து ஆபீஸ்ல போயிக் கெடக்கும். யாருக்காவது ஞாபகம் வந்தா, காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பேர் கூப்பிட்டுக் குடுப்பாங்க. அதுக்குள்ள என் வியாழக்கிழமை போயே போயிருக்கும்!”

“இவரு நேரா லயத்துக்குக் கொண்டாந்து தர வேண்டியதுதானே?”

“மாமா அதை ஆபீஸ்லதான் போடணுமாம். அதான், ‘என் வீட்டு நம்பரையே எழுதுங்க பிள்ளைகளா, என் வீட்டுக்கு வந்ததை நான் எங்க வேணாலும் தூக்கிட்டுப் போவேன்’னாரு. வேலை முடிஞ்சு ரெண்டு மைல் ஏத்தம் ஏறி வருவாரு. எங்க தோட்டத்துல மட்டும் இருபத்தாறு பேருக்கு இதாங்க அட்ரஸ்!”

சோலைமலை மிச்சக் கடிதங்களுக்கு மறுபடி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். சரியான கல்லுளிமங்கன்!

சீதாலெட்சுமி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தாம்பூலத் தட்டைக் கொண்டாங்க சம்பந்தி. இப்பவே மாத்திக்குவோம்.”

தனுஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா இது? லயத்துச் சகவாசமே ஆகாதுன்னீங்க?”

“உங்கம்மாவும் லயத்துல பொறந்தவதான்டா. டீச்சர் வேலைக்கு வரச்சொல்லி எனக்கு வந்த கடுதாசி பதினெட்டு நாள் அந்த ஆபீஸ்ல கெடந்துச்சு. தேதி முடிஞ்ச மறுநாள்தான் பெரட்டுல பேர் கூப்பிட்டாங்க.”