பொடியனுகளுக்குச் சாப்பாடு

“சீதேவி, பொடியனுகளுக்குச் சாப்பாடு வெச்சாச்சா?”

பக்கத்து வளவிலிருந்து அழகரத்தினம் மனைவியிடம் கேட்டதும் றோஸ்மேரியின் நெஞ்சு அடித்த அடி வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். பொடியனுகள் என்றால் ஊரில் இயக்கக்காரர்தான்; அவர்களையா ஒளித்து வைத்திருக்கிறார்?

“வெச்சாச்சு. ராப்பகலா மண்ணுக்குள்ள கிடந்து வேலை செய்யிறானுகள், பாவம்.”

பதுங்கப் பங்கரும் வெட்டியாச்சு! ஆமி அறிந்தால் இந்த ஒழுங்கையில் எல்லா வீடும் சாம்பல்தான். றோஸ்மேரி பாய்ந்து போனாள்.

“அண்ணன், பொடியனுகளை இப்பவே அனுப்பிடுங்க! எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு!”

அழகரத்தினம் சிரித்துக்கொண்டே கத்தரிப் பாத்தியைக் கிளறினார். சாணிக்குள் கொழுகொழுவென்று மண்புழுக்கள் நெளிந்தன.

“குண்டு செய்யிறாங்களெண்டு யூரியாவைத்தான் தடை செஞ்சிட்டாங்களே புள்ள. இப்ப இவனுகள்தான் எங்கட உரம்.”

“முதல்ல பேரை மாத்துங்க!”

மறுநாள் ஒழுங்கையில் ஆமி ரோந்து போனபோது, பெண்பிள்ளையே இல்லாத அழகரத்தினம் ஊர் கேட்கக் கத்தினார்:

“சீதேவி, மருமகன்மாருக்குச் சாப்பாடு வெச்சாச்சா?”