பட்டியலில் முதல் பேர்

"புள்ளயப் பூட்டி வச்சிட்டு இங்கன வந்து உக்காந்திருக்கு பாரு. இதெல்லாம் ஒரு தாயா?"

பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல் சொன்னாலும், இன்னாசியம்மாளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள் சொர்ணவல்லி.

கேட்டிருக்கும். ஆனால் அவள் திரும்பவில்லை.

புதுக்கோட்டையில் கலெக்டர் அலுவலக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து அன்றோடு நாலாவது நாள். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகை, மறுகணக்கெடுப்பு என்ற பெயரில் மாவட்டம் முழுக்கப் பலருக்கு நின்றுபோயிருந்தது. ஒருவருக்கு வீட்டில் கான்கிரீட் கூரை இருக்கிறதாம். இன்னொருவருக்கு அண்ணன் சம்பாதிக்கிறானாம். சொர்ணவல்லியின் மகள் ரஞ்சிதாவுக்குக் கைரேகை பதியவில்லையாம். பிறந்ததிலிருந்து மடங்கியே கிடக்கிற விரலை எந்த மெஷினில் கொண்டுபோய் வைப்பது?

பதினோரு வயது ரஞ்சிதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவரங்குளத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள் சொர்ணவல்லி. அங்கே வந்த தாய்மார்கள் எல்லாருமே அப்படித்தான், பிள்ளையும் கையுமாக.

இன்னாசியம்மாள் மட்டும் தனியாக வந்தாள். ஆவுடையார்கோவிலுக்கும் அங்கிட்டு ஏதோ ஊர். மகன் பிராங்க்ளினுக்கு இருபது வயது, எழுந்து உட்கார முடியாது, அடிக்கடி வலிப்பு வரும் என்று போராட்டத்தை நடத்திய சங்கத்து மனுவில் எழுதியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸுக்கு வந்து, சாயங்காலம் கடைசி ஆளாகக் கிளம்புவாள்.

கேட்டால் ஒரே பதில்தான். "அவனப் பாத்துக்க ஆளு இருக்கு."

"யாரு, ஒங்க வீட்டுக்காரரா?"

"அவரு போயி ஆறு வருசம் ஆச்சு."

அதற்கு மேல் பேச்சு வராது.

அன்று மத்தியானம் ரஞ்சிதாவுக்குச் சோறு புரையேறிவிட்டது. கண்கள் மேலே செருகின. சொர்ணவல்லி பதறிப்போய் முதுகில் தட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்னாசியம்மாள் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். முன்னால் சாய்த்துத் தட்டி, மூச்சு சீரானதும் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். தாடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, ரசஞ்சோற்றைக் கூழாகக் கரைத்து, விரல் நுனியில் எடுத்து உதட்டோரமாக ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் இறங்குகிறவரை தொண்டையைத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தாள்.

கிண்ணம் காலியானது. ரஞ்சிதா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் சொர்ணவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"இம்புட்டுப் பக்குவம் தெரிஞ்ச கை, பெத்த புள்ளைக்கு ஊட்டாம இங்க என்னக்கா பண்ணுது? அங்க அவனுக்கு வலிப்பு வந்தா யாரு புடிப்பா? பணந்தான் பெருசா போச்சா ஒங்களுக்கு?"

இன்னாசியம்மாள் பிள்ளையை அவள் மடியில் விட்டுவிட்டுக் கையலம்ப எழுந்து போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அதிகாரி ஒருவர் கையில் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"முதல்கட்டமா பதினோரு பேருக்குத் திரும்பக் குடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. மத்தவங்க மனு பரிசீலனையில இருக்கு. எல்லாரும் கலைஞ்சு போங்க."

சங்கச் செயலாளர் எழிலரசன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "பதினோரு பேருக்குக் குடுத்துட்டு நூத்தம்பது பேர எந்திரிச்சுப் போகச் சொல்றீங்களா சார்?"

அதிகாரி காகிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு, பிராங்க்ளின். தாயார் இன்னாசியம்மாள்."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பதினோரு பேரும் வாசித்து முடிந்தது. ரஞ்சிதா பேர் இல்லை.

சொர்ணவல்லி பந்தலுக்கே கேட்கும்படி கத்தினாள். "தூக்கிச் சொமந்து வந்தவளுக்கு இல்ல. வீட்டுல போட்டுட்டு வந்தவளுக்கு மொதப் பேரு!"

இன்னாசியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

"சார், அந்த மொதப் பேர அடிச்சிருங்க. அந்த எடத்துல ரஞ்சிதான்னு எழுதிக்கிருங்க. அந்தா, மடியில கெடக்கே, அந்தப் புள்ள."

"அப்படியெல்லாம் ஆள மாத்த முடியாதும்மா. ஏன், ஒங்க மகனுக்கு வேணாமா?"



"பணம் நின்ன பெறகு மாத்திரைய முழுசா வாங்க முடியல சார். பாதி பாதியா ஒடைச்சுத்தான் குடுத்தேன். மூணு மாசந்தான் தாங்குனான். ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் அடக்கம் பண்ணிட்டோம்."

அதிகாரி காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இன்னாசியம்மாள் ஊருக்குக் கிளம்பவில்லை. திரும்பி வந்து தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

சொர்ணவல்லி மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது... என் வாயி என்னென்னமோ பேசுச்சு. அம்புட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

இன்னாசியம்மாள் ரஞ்சிதாவை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, 'ஒனக்குத்தான் புள்ள இல்லையே, இனிமே இங்க என்ன வேல'ன்னு அனுப்பி வச்சிருப்பீங்களே தங்கச்சி."