பூட்டனின் மூக்கு

“எங்க பூட்டன் ஜேம்ஸ் பார்க்கர் வெள்ளைக்காரனாக்கும். என் மூக்கப் பாத்தாலே தெரியாதா?” என்றார் எலியா.

பாறசாலைக்குப் பக்கத்துச் சபையில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜிஜா, 1871-ஆம் வருஷத்து மிஷன் பள்ளிக்கூடப் பதிவேட்டை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை எலியாவின் குடும்ப சங்கமம். அதற்கான குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சகத்தில் காத்திருந்தது. அட்டையில் தொப்பி போட்ட துரை. பூட்டன் பிறந்த வருஷம் மட்டும்தான் பாக்கி.

“கிடைச்சாச்சு! ஜேம்ஸ் பார்க்கர்!” எலியா மேசையைத் தட்டினார்.

“கீழயும் பாருங்க அண்ணா.”

அடுத்த வரியிலும் ஜேம்ஸ் பார்க்கர். அதற்கடுத்த இரண்டு வரிகளிலும் அதே பெயர்.

“துரைக்கு நாலு மக்களா? நாலு பேருக்கும் ஒரே பேரா?”

“துரை இங்க வந்ததே இல்ல அண்ணா. சீமையில இருந்துக்கிட்டே நாலு பிள்ளைகளப் படிக்க வச்சாரு. படிக்க வைக்கிறவிய பேரத்தான் அன்னைக்கு பிள்ளைகளுக்கு வைப்பாவ. நாலு பேருல உங்க ஊரு போட்டிருக்கவருதான் உங்க பூட்டன். அவருக்க அப்பா பேரு இந்தா இருக்கு. மாடன். தொழில், பனையேற்று.”

எலியா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டார்.

“எலே ஜித்தின், அட்டையில உள்ள துரைய எடுத்திரு. ஒரு பனை வரை. அதில ஏறுத ஆளுக்கு என் மூக்க வை.”