வாளிக்கு வந்த கிலி

குளியலறையை இடித்துப் புதுசாகக் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே 'அடுத்தது நான்தானோ?' என்று சிவப்பு வாளிக்குக் கிலி பிடித்திருந்தது. பழைய குழாய் போயிற்று, பழைய கண்ணாடியும் போயிற்று. கடைசியில் நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து, ஆள் படுத்துக் குளிக்கிற வெள்ளைத் தொட்டி ஒன்றைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

"இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்றது தொட்டி. "மொட்டை மாடிக்குப் போய்ச் செடிக்கு மண்ணைச் சுமக்கத் தயாரா இரு."

வாளிக்குள் கிடந்த மக், "அண்ணே, என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று விசும்பியது.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் தாமோதரன் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய வந்தார். தொட்டியை நிரப்பி, ஆசையாக இறங்கிப் படுத்துச் சீயக்காய் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் புளிக்குழம்பு மாதிரி ஆகி, மேலே எண்ணெய் மிதந்தது.

"சே! என் அழுக்குலயே நான் ஊறுறதா?"

அழுக்குத் தண்ணீரை வடியவிட்டார். வாளியை நிரப்பித் தொட்டிக்குள்ளேயே வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மக்கால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.

"அப்பாடா! இப்பத்தான் குளிச்ச மாதிரி இருக்கு."

வாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் போன பிறகு தொட்டி மெல்லக் கேட்டது: "அண்ணே, என்னைக் கடைக்கே திருப்பி அனுப்பிடுவாங்களா?"

சற்றுமுன் வரை தனக்குள் கேட்ட அதே பயத்தின் குரல் என்று வாளிக்குத் தெரிந்தது.

"பயப்படாதே தம்பி," என்றது. "கம்பளியெல்லாம் ஊறவைக்க இந்த வீட்டுல இத்தனை நாளா இடமே இல்ல."