எண்ணூறாவது முட்டை

"மிஷின்ல கை வைக்காதீங்க! அப்படியே இருக்கட்டும்!"

இசோபே எழுந்து நின்று கத்தியதும், ஹிராயமாவின் கேம் கடை மாடியில் இருந்த இருபது பேரும் வாயில் போட்ட அரிசி பிஸ்கட்டைக் கடிக்காமல் அப்படியே நின்றார்கள்.

சோஷி துறைமுகத்தில் மாதக் கடைசி ஞாயிறு நடக்கிற போட்டி; கையடக்க கேம் மிஷினில் முட்டை பொரித்து வளர்த்த பூதங்கள் ஆறை மோதவிட வேண்டும், ஆறும் ஒரே இனமாக. நெருப்பென்றால் ஆறு பூதமும் நெருப்பாக இருக்க வேண்டும். பனி இனத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். எவன் மூச்சு விட்டாலும் உருகுகிற சாதி அது.

அதை வைத்தே மூன்று வருஷம் கோப்பை வாங்கியவர் இசோபே. டிரைவிங் பள்ளி வாத்தியார். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற வெள்ளைக் கரடி ஒன்று வைத்திருந்தார். பெயர் ஹன்பென். பலம், வேகம் என்று ஆறு கணக்கும் உச்சத்தில் இருக்கிற பிறவி.

"எண்ணூறு முட்டை பொரிச்சேன். எண்ணூறாவதுதான் இவன்" என்பார். கடையில் இதைக் கேட்காத காது கிடையாது.

இன்று அவருக்கு எதிரே நெமோட்டோ. ஹன்பென் என்கிற வெள்ளை மீன் பலகாரம் அவிக்கிற ஆலையில் வேலை. கடைக்கு வந்து ஆறு மாசம்தான். அவளும் பனி. அவளுடைய ஆறு பூதமுமே அப்படி உச்சப் பிறவிகள். இந்த வருஷம் முதல் தடவையாக, ஜெயித்தவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அதற்காக ஆலையில் மூன்று ஞாயிறு அடுத்தவர் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் லீவு வாங்கியிருந்தாள்.

கரடி திரையில் இறங்கியதும் நெமோட்டோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹன்பென்... நல்ல பேரு. நீங்க வச்சதா?"

அவ்வளவுதான் கேட்டாள். இசோபே எழுந்துவிட்டார்.

"முதலாளி, இவங்க பூதம் ஆறும் போலி! கம்ப்யூட்டர்ல செஞ்சு ஏத்தினது. ஆறு மாசமா நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எனக்கும் அப்பவே தோணுச்சு," என்றார் டாக்ஸி ஓட்டும் குரோசு. "ஒண்ணு உச்சமா அமையறதுக்கே நமக்கு நாக்கு தள்ளுது. இந்தம்மாவுக்கு ஆறாம்ல?"

கடைக்கார ஹிராயமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நெமோட்டோ-சான், எப்படிப் பொரிச்சீங்க?"

"ஆலைக்குப் போக வர ரயில்லதான். பன்னெண்டு வருஷமா."

"பன்னெண்டு வருஷமும் பொரிச்சு ஆறே ஆறா? மிச்சம் எங்க?"

"எனக்கு ஆறு போதுமே. நல்லா அமையறதுக்கெல்லாம் ஒரு பேரு வச்சு, குருட்டு மாத்துல விட்டுடுவேன்."

குருட்டு மாத்தில் நம்முடையது ஊர் பேர் தெரியாத ஒருவருக்குப் போகும். அவருடையது நமக்கு வரும்; பொரித்தவர் பெயரும் அவர் வைத்த பெயரும் மட்டும் மாறாது. வேண்டாத குப்பையைத் தள்ளிவிடத்தான் எல்லோரும் அதற்குப் போவார்கள்.

மாடியே சிரித்தது.

"கேட்டீங்களா! தங்கத்தைத் தெருவுல வீசுவாங்களாம்!" என்றார் இசோபே.

"இல்ல... பனியை வச்சுக்கிட்டு தினமும் தோக்கறவங்க எங்கயாவது ஒருத்தர் இருப்பாங்கல்ல. அவங்களுக்குக் கிடைக்கட்டும்னு..."

"அடடா, தர்மப்பிரபு!" என்றார் குரோசு.

ஹிராயமா அவள் மிஷினை வாங்கிப் பார்த்தார். "பொரிச்சவர் பேரு நண்டு மிசோன்னு இருக்கு. யாரு இது?"

"நான்தான். ஆட்டத்துல எனக்கு அந்தப் பேரு."

நண்டு ஓட்டுக்குள் இருக்கிற பசையின் பேர் அது. மறுபடி சிரிப்பு. அவளும் கூடச் சிரித்தாள்.

"பேரை வச்சு முடிவு சொல்ல முடியாது. பொரிச்ச தேதி, இடம் எல்லாம் பாக்கணும்" என்ற ஹிராயமா மறு கையை நீட்டினார். "நம்ம கடை வழக்கம் தெரியும்ல? சோதனை கேட்டவரோட மிஷினையும் திறந்தாகணும். குடுங்க இசோபே-சான்."

இசோபே தன் மிஷினை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "என்னுது எதுக்கு? என்னை இன்னைக்குத்தான் பாக்கறீங்களா?" முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

நெமோட்டோ அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கோப்பையோடு அவர் நிற்கிற படம் மூன்று. ஒன்றில் அவருடைய சின்ன மகள், வெள்ளைக் கரடி பொம்மை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி.

"வேணாம் முதலாளி," என்றாள். "போலிதான். நான் விலகிக்கறேன்."

"நான் சொல்லலை?" குரோசு தொடையைத் தட்டினார். "முகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சே!"

அவள் எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கினாள். வழியில் இருந்தவர்கள் மேலே படக்கூடாது என்பது போல ஒதுங்கினார்கள். ஹிராயமா நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, 'இனி அனுமதி இல்லை' என்று பக்கத்தில் எழுதினார்.

இசோபே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போனாப் போகட்டும். பாவம், விடுங்க."

"சரி, குடுங்க உங்க மிஷினை."

"அதான் அவங்களே ஒத்துக்கிட்டாங்களே! இன்னும் என்ன சோதனை?"

"சோதனை இல்லைங்க. ஜெயிச்சவரோட பூதத்தைப் பத்தின விவரம் ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து மாநிலத்துக்கு அனுப்பணும். இந்த வருஷம் புதுசா வந்த சட்டம்." சொல்லிக்கொண்டே ஹிராயமா அதை அவர் கையிலிருந்து உருவிவிட்டார்.

முதல் பக்கம். ஹன்பென். ஆறு கணக்கும் உச்சம். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஹிராயமா இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்:

"பொரித்துப் பெயர் வைத்தவர், நண்டு மிசோ."