கைகட்டி மேஜர்

"ட்ரோன் வேலிக்கு நேர் மேல வந்து நிக்குது சார். அடியில ஏதோ தொங்குது. விழ வெச்சிடட்டுமா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் ஆபரேட்டர். விரல் பொத்தான் மேல் இருந்தது. அதை அழுத்தினால் சிக்னல் அறுந்து ட்ரோன் கீழே விழுந்துவிடும்.

"இரு," என்றார் மேஜர்.

முகாமில் அவருக்குக் கைகட்டி மேஜர் என்று பட்டப்பெயர். அது சும்மா வந்துவிடவில்லை. இத்தனை நாளும் ட்ரோன் வந்தால் ராணுவம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போலீசுக்குப் போன் போட வேண்டும். அவர்கள் வந்து சேர்வதற்குள் அது டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கும். நம்ம கையைக் கட்டிப் போட்டிருக்காங்க, அதிகாரம் மட்டும் வரட்டும், அப்புறம் பாருங்க என்று மேஜர் குதிக்காத நாளில்லை.

போன வாரம் சட்டம் வந்துவிட்டது. முகாமை மிரட்டும் ட்ரோனை ராணுவமே வீழ்த்தலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

கூப்பிடு தூரத்தில் எரிபொருள் கிடங்கு. ட்ரோன் அங்கே போய்ச் சேர்ந்தால் முகாமே மிஞ்சாது. மனுஷனோ மூலையில் நின்று செல்போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலிடத்தைக் கேட்கிறார், வேறென்ன? நாளைக்கு ஏதாவது ஆனால் பழியைத் தூக்கிப் போட ஓர் ஆள் வேண்டுமே. வாய் மட்டும்தான் இந்த ஆளுக்கு!

"சட்டம்தான் வந்துடுச்சே சார், இன்னும் யாரைக் கேக்கணும்?" என்றாள் குத்தலாகவே.

"வந்துடுச்சும்மா. அதான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்தார். ட்ரோன் நின்ற இடத்திலேயே மெல்லக் கிடங்குப் பக்கம் திரும்பியது.

"ம்... இப்ப அழுத்து."

அழுத்தினாள். திரையில் புள்ளி மறைந்தது. மேஜர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஆபரேட்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நாள் முழுக்க அவள் பார்க்கும் திரையில் வானம் மட்டும்தான் தெரியும். ஜன்னலில் தரை தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மழலையர் பள்ளி. மைதானத்தில் சறுக்குமரத்தின் காலடியில் ட்ரோன் நொறுங்கிக் கிடந்தது. சுற்றிலும் அவசரத்தில் விட்டுப்போன குட்டிக் குட்டிச் செருப்புகள். மூடிய கதவுக்கு உள்ளே, கையில் செல்போனோடு ஒரு டீச்சர் கண்ணாடி வழியாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் நம்பர் உங்ககிட்ட எப்படி சார்?" என்று திரும்பிக் கேட்டாள்.

"அதிகாரம் கைக்கு வந்த அன்னைக்கு, முதல் வேலையா அதைத்தாம்மா போய் வாங்கிட்டு வந்தேன்."